எச்சமாக எண்ணப்படுவோர்: மதமின்மை ஆய்வுப்புலத்தின் வகைமையும் தமிழகச் சான்றுகளும்

ஆய்வுச் சுருக்கம்

மேலைப் பல்கலைக்கழகங்களில் கடந்த இருபது ஆண்டுகளில் மதமின்மை தனியோர் ஆய்வுப்புலமாக உருப்பெற்றுள்ளது. 'உம் மதம் யாது?' என்னும் வினாவுக்கு 'ஏதுமில்லை' என விடையிறுத்தோரை ஒரு தொகுதியாகக் கொள்ளும் அளவீடே அப்புலத்தின் அடிப்படைக் கருவி. அக்கருவியைத் தமிழகச் சூழலுக்கு அப்படியே பொருத்த இயலாது என்பது இக்கட்டுரையின் வாதம். மேலைக் கணக்கெடுப்பில் மதமற்றோர் எச்சமாக நிற்கின்றனர்; இந்தியக் குடும்பச் சட்டத்திலோ 'இந்து' என்னும் வகையே எச்சமாக நிற்கிறது. இம்முரணை 1872, 1955, 1967 ஆகிய ஆண்டுகளின் திருமணச் சட்டங்கள், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, 1950 பட்டியல் சாதிகள் ஆணை ஆகியவற்றின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மதமின்மை, மதச்சார்பின்மை, இலௌகிகம், நாத்திகம், சுயமரியாதைத் திருமணம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு

1. புலம் உருவான விதம்

மதத்தைக் கைவிட்டோரைச் சமூகவியல் தனியே ஆராய வேண்டும் என்று காலின் கேம்ப்பெல் 1971இல் நூலெழுதி வேண்டினார். அடுத்த முப்பது ஆண்டுகள் அவ்வேண்டுகோளைப் பெரிதாக எவரும் பொருட்படுத்தவில்லை. மதம் நவீனச் சமூகத்தில் தானாகவே தேயும் என்னும் கோட்பாடு அன்று மேலோங்கியிருந்தமையே அதற்குக் காரணம் எனலாம். தேய்வது இயல்பெனின், விளக்கம் வேண்டுவது எஞ்சியிருக்கும் மதமே. விலகிச் சென்றவரைப் பற்றி விளக்க என்ன இருக்கிறது? அக்கோட்பாடு தளர்ந்த பின்னரே மதமற்றவர் ஆய்வுப்பொருளாயினர். 2005இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரிலுள்ள டிரினிட்டி கல்லூரியில் பாரி காஸ்மின் தலைமையில் இதற்கென ஓர் ஆய்வு நிறுவனம் தோன்றியது. 2008இல் பிரித்தானிய ஆய்வாளர் லோயிஸ் லீ முதலியோர் ஓர் ஆய்வு வலையமைப்பை உருவாக்கினர். 2011இல் கலிஃபோர்னியாவின் பிட்சர் கல்லூரியில் ஃபில் சக்கர்மேன் முயற்சியால் பட்டப்படிப்பே தொடங்கப்பெற்றது. 2012இல் தனி ஆய்விதழும் வந்தது. தலால் அசத் 2003இலும் சார்ல்ஸ் டெய்லர் 2007இலும் வெளியிட்ட நூல்கள் இதற்குத் தத்துவப் பின்புலம் அளித்தன.

இவ்வரிசையில் லோயிஸ் லீ 2015இல் வெளியிட்ட நூலை நான் பெரிதும் மதிக்கிறேன். மதமின்மை என்பது வெற்றிடம் அன்று. அதற்கும் பொருள்கள் உண்டு, சடங்குகள் உண்டு, உறவுகள் உண்டு என்பது அவர் நிறுவும் கருத்து. சுயமரியாதைத் திருமணத்தைக் கண்டு வளர்ந்த தமிழ் வாசகருக்கு இது புதிய செய்தியன்று. ஆயினும் மேலைச் சமூகவியல் இதைக் கூற இவ்வளவு காலமாயிற்று. இடர் வேறோரிடத்தில் உள்ளது. லீ கள ஆய்வு செய்த இங்கிலாந்தில், ஒருவர் தம்மை மதமற்றவர் எனப் பதிவு செய்வதற்கு அரசு ஒரு கட்டத்தை அச்சிட்டு வைத்திருக்கிறது. அக்கட்டம் இருப்பதால் உண்டாகும் விளைவுகளை அவர் நூல் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

2. கட்டமும் விடையும்

இங்கிலாந்து, வேல்சு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் பற்றிய வினா 2001இல்தான் சேர்ந்தது. விடையளிப்பது கட்டாயமன்று. அவ்வாண்டு மதமில்லை என்றோர் 14.8 விழுக்காடு, 2011இல் 25.2, 2021இல் 37.2. இவ்வேற்றம் உண்மையான சமூக மாற்றத்தைக் காட்டுகிறது என்பதில் ஐயமில்லை. எனினும், 'உம் மதம் யாது?' என்று கணக்கெடுப்பு கேட்க, பிரித்தானியச் சமூக மனப்பாங்கு ஆய்வு 'நீர் ஏதேனும் ஒரு மதத்தைச் சேர்ந்தவராக உம்மைக் கருதுகிறீரா?' என்று கேட்டது. அதே காலப்பகுதியில் மதமற்றோர் ஏறத்தாழப் பாதிப்பேர் என்பதே அங்குக் கிடைத்த விடை. வினாவின் சொல்லமைப்பு மாறினால் இலட்சக்கணக்கானோர் ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் பெயர்கின்றனர். கட்டத்தில் கிறித்தவர் எனக் குறித்தோருள் பலர் குடும்பம், இனம், ஊர் ஆகியவற்றின் பொருட்டே அவ்வாறு குறித்தனர் என்பதை ஆபி டே 2011இல் காட்டியுள்ளார். ஆகவே அளவீட்டின் குறைகளை அப்புலத்தார் அறியாதவர் அல்லர். அளவீட்டைச் செப்பனிட்டால் போதும் என்று அவர்கள் எண்ணுவதே என் மறுப்புக்கு உரியது.

இந்தியாவில் 2011 கணக்கெடுப்பின் படிவத்தில் ஆறு மதங்களுக்கு எண்குறியீடு உண்டு. பிறவற்றின் பெயரை எண்ணாமல் எழுத வேண்டும். மதமில்லை என்பதற்குத் தனிக் குறியீடு இல்லை. வெளியான அட்டவணையில் 'மதம் குறிப்பிடப்படவில்லை' என்றொரு பத்தி உண்டு. நாடு முழுவதும் 28,67,303 பேர், அதாவது 0.24 விழுக்காட்டினர், அதில் அடங்குவர். தமிழ்நாட்டில் 7,21,47,030 பேருள் 1,88,586 பேர், 0.26 விழுக்காடு. ஒரு நூற்றாண்டுக் காலம் சுயமரியாதை இயக்கமும் அதன் வழித்தோன்றல்களும் பேசியும் எழுதியும் வந்த மாநிலத்தின் அளவு, நாட்டின் சராசரியிலிருந்து 0.02 விழுக்காட்டுப் புள்ளியளவே வேறுபடுகிறது. இவ்வெண்ணைக் கொண்டு தமிழகத்தில் நாத்திகம் மேடைப்பேச்சோடு நின்றுவிட்டது என முடிவு கட்டுவோர் உளர். முதலில், குறிப்பிடாமை வேறு, இல்லாமை வேறு. குடும்பத்தலைவர் வாசலில் நின்று கூறும் விடையே வீட்டார் அனைவரின் விடையாகப் பதிவாகிறது என்பதையும் கருத வேண்டும்.

இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. தம்மை நாத்திகர் எனப் பெயர் சொல்லி எழுதியோர் நாடு முழுவதும் சுமார் 33 ஆயிரம் பேர். இவர்கள் எங்கே எண்ணப்பட்டனர் எனில், 'பிற மதங்களும் நம்பிக்கைகளும்' என்னும் தொகுதியின் பின்னிணைப்பில், பழங்குடி வழிபாடுகளின் பெயர்களுக்கிடையே. மறுப்பதற்கும் ஒரு மத இருக்கையைத் தந்தாலன்றி அட்டவணையால் அவர்களை ஏற்க இயலவில்லை.

3. எண்மரும் அல்லேன்: 1872

கணக்கெடுப்பு இந்நிலையில் இருப்பதற்கான காரணத்தைக் குடும்பச் சட்டத்தில் தேட வேண்டும். இந்தியாவில் ஒருவரின் மதம் அவர் உள்ளத்தைச் சார்ந்தது மட்டுமன்று. அவர் திருமணம் செல்லுமா, சொத்து யாருக்குச் சேரும் என்பவற்றை முடிவு செய்வதும் அதுவே.

மதமின்மை இந்தியச் சட்டத்தில் முதன்முதலாக உருவம் பெற்றது 1872ஆம் ஆண்டின் மூன்றாம் சட்டத்தில் எனலாம். கேசவ சந்திர சென் தலைமையிலான பிரம்ம சமாஜத்தினர் வைதிகச் சடங்கின்றி நடத்திய திருமணங்கள் செல்லுமோ என்ற ஐயம் எழுந்தபோது அரசை அணுகினர். பிரம்மர் திருமணச் சட்டம் என்ற பெயரில் ஒன்று வருவதைத் தேவேந்திரநாத் தாகூரின் ஆதி பிரம்ம சமாஜம் எதிர்த்தது. தாங்கள் இந்துக்களே என்பது அவர்கள் நிலை. இறுதியில் அரசு கண்ட வழி ஓர் எதிர்மறை உறுதிமொழி. மணமக்கள், தாங்கள் கிறித்தவம், யூதம், இந்து, இசுலாம், பார்சி, பௌத்தம், சீக்கியம், சமணம் ஆகிய எட்டில் எதனையும் பின்பற்றவில்லை என அறிவித்தல் வேண்டும்.

இவ்வுறுதிமொழியின்வழி மதமற்றவராகப் பதிவானோர் யாவர்? ஒரே இறைவனை உருகி வழிபட்ட பிரம்மர்கள். இறைநம்பிக்கையும் மதமின்மையும் ஒரே படிவத்தில் கையெழுத்திட்டன. நம்பிக்கையின் இன்மையே மதமின்மை என்னும் மேலை வரையறை இங்குத் தொடக்கத்திலேயே முறிந்துவிடுகிறது. 1923இன் திருத்தம் இந்துக்களும் பௌத்தரும் சீக்கியரும் சமணரும் தம் மதத்தைத் துறக்காமலேயே அச்சட்டத்தின்கீழ் மணக்க வழிவிட்டது. 1954இன் சிறப்புத் திருமணச் சட்டத்தில் அவ்வுறுதிமொழி அறவே இல்லை. மதமற்றவர் எனச் சட்டத்தின்முன் அறிவிக்கும் வாய்ப்பு, தாராளமயமான ஒரு சீர்திருத்தத்தால் மறைந்தது என்பதை யாரும் இழப்பாகக் கருதியதாகத் தோன்றவில்லை.

அடுத்த ஆண்டு வந்த இந்து திருமணச் சட்டம், 1955, இரண்டாம் பிரிவில் யாரை இந்து எனக் கொள்வது என்று கூறுகிறது. இந்துக்கள், பௌத்தர், சமணர், சீக்கியர் ஆகியோரைக் கூறியபின், இசுலாமியர், கிறித்தவர், பார்சி, யூதர் அல்லாத பிறர் எவரும், இந்துச் சட்டம் தமக்குப் பொருந்தியிராது என்று மெய்ப்பிக்கப்பட்டாலன்றி, இச்சட்டத்துக்கு உட்பட்டவர் என்கிறது. அதாவது, நால்வரைக் கழித்தபின் எஞ்சுவோர் இந்து. கோவிலுக்குச் செல்லாதவரும், கடவுள் இல்லை என்று மேடையேறிச் சொன்னவரும் இவ்வெச்சத்துள் அடங்குவர். ஐக்கிய இராச்சியத்தில் கிறித்தவரையும் இசுலாமியரையும் பிறரையும் எண்ணியபின் எஞ்சும் கட்டம் மதமற்றோருடையது. இங்கு அந்த எச்சத்தின் இடத்தில் 'இந்து' என்ற சொல் முன்னமே அமர்ந்திருக்கிறது. தமிழ் இலக்கணத்தில் எச்சம் என்பது தன்னை முடிக்கும் சொல்லை வேண்டி நிற்பது. சட்டம் அம்முடிக்கும் சொல்லைத் தானே இட்டுவிட்டது.

4. இரு இந்துக்களிடையே சுயமரியாதைத் திருமணம்

இதன் கூர்மையான சான்று தமிழகத்திலேயே உள்ளது. 1928 மே 28 அன்று அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் நடந்ததே முதல் சுயமரியாதைத் திருமணம் என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. புரோகிதரும் மந்திரமும் தீவலமும் விலக்கப்பட்ட இத்திருமணங்கள் அடுத்த முப்பதாண்டுகளில் ஆயிரக்கணக்கில் நடந்தன. 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில் இவ்வகைத் திருமணம் செல்லாது என்றது. சாத்திரச் சடங்கும் இல்லை. வழக்காறு என்று கொள்ளத் தேவையான தொன்மையும் இல்லை. ஒரு குழுவினர் தமக்குள் உடன்பட்டுத் திடீரென ஒரு வழக்காற்றை உண்டாக்கிவிட இயலாது என்பது நீதிமன்றத்தின் காரணம். புதுமையே தன் பெருமை எனக் கருதிய இயக்கத்தின் சடங்கு, பழமை இல்லாமையால் வீழ்ந்தது.

அண்ணா தலைமையிலான அரசு 1967இல் நிறைவேற்றி, 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுத் திருத்தம், இந்து திருமணச் சட்டத்தில் 7அ என்னும் பிரிவைச் சேர்த்தது. உறவினர், நண்பர், பிறர் முன்னிலையில் மணமக்கள் தமக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாக அறிவித்தாலோ, மாலையோ மோதிரமோ அணிவித்துக்கொண்டாலோ, தாலி கட்டினாலோ திருமணம் செல்லும். முந்தைய திருமணங்களுக்கும் இது பொருந்தும். இவையனைத்தும் நம் நூல்களில் திரும்பத்திரும்ப எழுதப்பட்டவை. எழுதப்படாதது அப்பிரிவின் தொடக்கத்தில் உள்ள இரண்டு சொற்கள்: இது 'இரு இந்துக்களிடையே' நிகழும் திருமணம்.

இதனை இயக்கத்தின் சறுக்கல் எனச் சிலர் எளிதாகக் கூறிவிடக்கூடும். அவ்வாறு கூறுவது பொருந்தாது. 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கையில் இத்திருத்தம் எதற்கு என்ற வினாவுக்கு விடை சொத்திலும் வாரிசுரிமையிலும் உள்ளது. அச்சட்டத்தின்கீழ் மணக்க முப்பது நாள் அறிவிப்பு வேண்டும். அலுவலர் முன் செல்ல வேண்டும். முன்னரே மணந்தோர் பதிவு செய்துகொள்ளலாம் எனினும் இருவரும் உயிரோடிருத்தல் வேண்டும். நாற்பது ஆண்டுகளாக நடந்தேறிய திருமணங்களில் கணவரையோ மனைவியையோ இழந்தவரையும் அவர்தம் பிள்ளைகளையும் காக்க அது உதவாது. பின்னோக்கிச் செல்லுபடியாக்கும் ஒரு விதியே உதவும்; அவ்விதியைச் சேர்க்க இடமிருந்தது இந்து திருமணச் சட்டத்தில்தான். மதத்திலிருந்து வெளியேறியவரின் பிள்ளைக்கு நிலம் கிடைக்க, அவர் இந்துவாகவே நிற்க வேண்டியிருந்தது. இவ்விலையைத் தெரிந்தே கொடுத்தனர் என்று நான் கருதுகிறேன்.

ஆராய்ச்சியாளர் இதனின்று பெறுவது என்ன? சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்ட ஒருவர் கணக்கெடுப்பில் இந்து எனப் பதிவாவதில் முரண் ஏதும் இல்லை. அவர் பொய்யும் உரைக்கவில்லை. சட்டம் அவருக்குக் கொடுத்த பெயரை அவர் திருப்பிச் சொல்கிறார். மறுபுறம், 7அ பிரிவைப் பயன்படுத்துவோர் யாவரும் மதமற்றவர் என்பதும் தவறு. பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சி விரைந்து மணக்கும் காதலர்க்கு இன்று இப்பிரிவு பெருந்துணை. இத்திருமணத்துக்குப் பொதுவெளியில் விழா எடுக்க வேண்டியதில்லை என 2023இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. அவ்வாறு மணந்தோர் மறுநாளே கோவிலுக்குச் செல்லலாம். 1872இன் படிவத்தில் பிரம்மர்கள் கையெழுத்திட்ட கதையே வேறு வடிவில் தொடர்கிறது. வடிவம் ஒருபுறமும் நம்பிக்கை மறுபுறமும் நிற்பதே இங்கு நிகழ்வு. அவை பொருந்தும் என்று எதிர்பார்த்து வினாநிரல் தயாரிப்பது வீண் உழைப்பு.

5. சொற்கள்

இப்புலத்தைத் தமிழில் எழுத முனைவோர் முதலில் எதிர்கொள்வது கலைச்சொல் சிக்கல். அரசின் நிலைப்பாட்டைக் குறிக்க 'மதச்சார்பின்மை', 'சமயச்சார்பின்மை' என இரண்டு சொற்கள் வழங்குகின்றன. இரண்டும் சார்பு என்னும் சொல்லால் ஆனவை. ஆதலால் நம் ஆய்வுகளில் இப்பொருள் அரசமைப்பு விவாதமாகவே சுருங்கிவிட்டது. ஆஷிஸ் நந்தியும் டி.என். மதனும் 1980களில் எழுப்பிய மறுப்புகள், ராஜீவ் பார்கவாவின் விடைகள் என்ற வட்டத்தினுள்ளேயே முனைவர் பட்ட ஆய்வேடுகள் பல சுழல்கின்றன. அரசு எவ்வாறு நடக்க வேண்டும் என்பது அவ்விவாதம். மதமின்றி மக்கள் எவ்வாறு வாழ்கின்றனர் என்பது அதில் வினாவாகவே எழவில்லை.

ஆனால் இதற்கு முன்பே வேறொரு சொல் இருந்தது. 1882 முதல் 1888 வரை 'தத்துவ விவேசினி' என்னும் தமிழ் இதழையும் 'தி திங்கர்' என்னும் ஆங்கில இதழையும் நடத்தியோர் தம் அமைப்பைச் 'சென்னை இலௌகிக சங்கம்' என்றனர். பேராசிரியர் வீ. அரசு தொகுத்தளித்த மறுபதிப்புகளால் இவ்விதழ்கள் இன்று கைக்கெட்டுகின்றன. ஆங்கிலேயரான ஹோலியோக் 1851இல் உருவாக்கிய சொல்லுக்கு அவர்கள் கண்ட தமிழ் இலௌகிகம்; உலகியல், உலகோடு ஒட்டிய வாழ்வு என்பது அதன் பொருள். எதையும் மறுக்காத, எதனின்றும் விலகாத, உடன்பாட்டுச் சொல் அது. மதமின்மை, நாத்திகம், இறைமறுப்பு ஆகிய அனைத்தும் இன்னொன்றின் இன்மையைச் சுட்ட, இது ஒன்றே உள்ளதைச் சுட்டுகிறது. இச்சொல் வழக்கொழிந்தமைக்கு அதன் வடமொழி உருவம் மட்டுமே காரணமாக இராது. 1925க்குப் பின் 'சுயமரியாதை', 'பகுத்தறிவு' ஆகியவை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன. சுயமரியாதையும் வடமொழிச் சொல்லே.

6. மானிடவியலார் கண்டதும் காணாததும்

எண்ணிக்கையை விட்டுச் செயலை நோக்கியோரும் உளர். யோகன்னஸ் குவாக் 2012இல் வெளியிட்ட நூல் மகாராட்டிரத்தின் மூடநம்பிக்கை ஒழிப்பு அமைப்பை ஆராய்கிறது. இசுடெஃபான் பைண்டர் 2020இல் வெளியிட்டது தெலுங்கு நாத்திகரைப் பற்றியது. கோரா 1940இல் நிறுவிய நாத்திக மையத்தார் கிரகணத்தின்போது கருவுற்ற பெண்களை வெளியே வரச் செய்தமையும், 1972இல் மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் பரிமாறிய விருந்தும் நாத்திகம் ஒரு கருத்தாக மட்டுமின்றி ஒரு செயலாக வாழப்படுவதைக் காட்டும். பைண்டரின் ஆய்வு இக்கோணத்தைத் திறம்படப் பற்றியிருக்கிறது. தமிழகத்துக்கு இவ்வகைக் களநூல் ஒன்று இன்னும் இல்லை என்பது குறை. நமக்கு வ. கீதா, எஸ்.வி. ராஜதுரை, எம்.எஸ்.எஸ். பாண்டியன் ஆகியோரின் வரலாற்று ஆய்வுகள் உள்ளன. சுயமரியாதைக் குடும்பம் பற்றிச் சாரா ஹாட்ஜஸ் 2005இல் எழுதிய கட்டுரை உள்ளது. பெரியாரின் நாத்திகத்தை அரசியல் நாத்திகமாக வாசிக்கும் கார்த்திக் ராம் மனோகரனின் 2022ஆம் ஆண்டு நூல் உள்ளது. இவை சாதி, பால், அரசியல் ஆகியவற்றின்வழி மதமின்மையைத் தொடுகின்றன. மேலைப்புலமோ மதமின்மையைத் தொட்டுவிட்டுச் சாதியைப் பின்னணிக் குறிப்பாக நகர்த்துகிறது. இவ்விரண்டும் ஒரே கட்டுரையில் சந்திப்பது அரிதாகவே உள்ளது. இயக்கச் சார்பாளரின் விழா மலர்கள் இவ்விடைவெளியை நிரப்பும் என எதிர்பார்க்க முடியாது. வெற்றிகளை நிரல்படுத்துவது அவற்றின் பணி.

7. அறிவிப்பின் விலை

மதமில்லை என்று அறிவிப்பதற்கு யார் என்ன விலை கொடுக்கிறார் என்ற வினாவை மேலை ஆய்வுகள் பெரும்பாலும் மனத்துயர், குடும்பப் பிணக்கு ஆகியவற்றால் அளக்கின்றன. இந்தியாவில் அவ்விலை சான்றிதழில் குறிக்கப்பெறுகிறது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை, இந்து மதத்தினின்றும் வேறான மதத்தைப் பின்பற்றுவோர் பட்டியல் சாதியினராகக் கொள்ளப்படார் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் விலக்குப் பெற்றனர். 'வேறான மதத்தைப் பின்பற்றுவோர்' என்னும் அத்தொடர், எந்த மதத்தையும் பின்பற்றாதவரைப் பற்றி நேராக ஏதும் கூறவில்லை. வேறு மதம் இல்லையாகலின் அவர் உரிமை இழக்கவில்லை என வாதிடலாம். ஆனால் சாதிச் சான்றிதழுக்கான விண்ணப்பத்தில் மதம் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு அந்நுண்ணிய வாதத்தை வட்டாட்சியர் அலுவலகத்தில் நிகழ்த்தும் துணிவை ஒரு தலித் மாணவரிடம் எதிர்பார்ப்பது நேர்மையாகாது. இழக்க ஏதுமில்லாத, இடஒதுக்கீடு தேவைப்படாத ஒருவர் அதே கட்டத்தில் 'இல்லை' என எழுதுவது எளிது. எனவே அறிவித்தோரை மட்டும் மதமற்றோர் எனக் கொள்ளும் எந்த ஆய்வும், தன்னையறியாமல், அவ்வாறு அறிவிக்க இயன்ற சாதிகளையே ஆராய்ந்துகொண்டிருக்கும்.

இக்காரணத்தால், அறிவிப்பைத் தேடாமல் நிகழ்வைத் தேடும் மூலங்கள் தமிழாய்வாளருக்குத் தேவை. இராகுகாலத்தை வேண்டுமென்றே குறித்து அச்சிட்ட திருமண அழைப்பிதழ்கள், மந்திரமின்றி நடந்த படத்திறப்பு நிகழ்ச்சிகளின் துண்டறிக்கைகள், 'குடி அரசு', 'விடுதலை' இதழ்களின் மணவிழாச் செய்திகள், சார்பதிவாளர் அலுவலகத் திருமணப் பதிவேடுகள் ஆகியவை பல மாவட்டங்களில் தொகுப்பாரற்று உள்ளன. இவற்றை ஊர், சாதி, நிலவுடைமை ஆகியவற்றோடு இணைத்து நோக்கினால், 0.26 விழுக்காட்டுள் அடங்காத ஒரு வரலாறு புலப்படும். அழைப்பிதழில் ஒருபக்கம் பெரியார் படமும் மறுபக்கம் குலதெய்வத்தின் துணையும் அச்சாகியிருக்கும் சான்றுகளை ஒதுக்கிவிடாது, அவற்றை முதன்மைச் சான்றாகக் கொள்வதே முறை.

2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அனைவரின் சாதியும் கேட்கப்படவுள்ளது. மதமும் சாதியும் ஒரே படிவத்தில் அருகருகே வரும். மதம் இல்லை, சாதி இன்னது என்று ஒருவர் கூறும் விடை, 1872 முதல் சட்டம் கூறிவரும் விடைக்கு நேரெதிரானது. கணக்கெடுப்பாளர் அவ்விடையை எவ்வாறு எழுதுகிறார், அட்டவணையில் அது எத்தொகுதிக்குள் சேர்க்கப்படுகிறது என்பதை இப்புலத்தின் தமிழ் மாணவர்கள் களத்திலேயே பதிவு செய்தல் வேண்டும். தொகுதிகள் அச்சானபின் அவ்விடையின் தடம் கிடைக்காது.